பதுளையில் மட்டும் நிற்கக்கூடாது

கொக்கி ‘மடார்’ என்று விட்டுப்போனபோது ராமாமிர்தத்தின் வாயில் முருகன் பெயர் வரவில்லை. “இங்கயா?” என்றுதான் வந்தது.

அவர் ஓட்டிக்கொண்டிருந்த ஜீப் முன்னால் போய்விட்டது. ஜீப்பின் பின்னால் மாட்டியிருந்த காரவன், இனி வர மாட்டேன் என்று மூக்கைத் தார் ரோட்டில் ஊன்றி உட்கார்ந்துவிட்டது. உள்ளே சட்டிபானை உருளும் சத்தமும், அதற்கு மேலே அவர் மனைவி ராமலட்சுமியின் சத்தமும் கேட்டன. பண்டாரவளையில் இது நடந்திருந்தால் இறங்கி நாலு திட்டுத் திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். லுணுகலைக் காட்டுக்குள் நடந்திருந்தால்கூடப் பரவாயில்லை, குரங்குதானே பார்க்கும். நடந்தது பதுளையில். அதுவும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ரேஷன் கொடுக்கிற கூப்பன் கடைக்கு நேர் எதிரில், சனம் நெரிகிற முற்பகல் வேளையில்.

பதுளையைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். முதல் நாள் ராத்திரி ஹாலிஎலையில் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் தங்கினார்கள். காலையில் கிளம்பும்போதே, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த மச்சினன் வைரவநாதனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பதுளையில் தேத்தண்ணி குடிக்கக் கூடாது. பதுளையில் வெற்றிலை வாங்கக் கூடாது. ஒன்றுக்கு வந்தால்கூடப் பசறை வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் மரகதத்துக்காக.

மரகதம் அவருக்கு ஒரே மகள். தாயோடு காரவனுக்குள் வந்துகொண்டிருந்தாள். பெரகலைச் சந்தியில் மளிகைக்கடை வைத்திருந்த ராமாமிர்தம், போன மாதம் அவளைப் பெண் பார்க்கப் பதுளை ஜவுளிக்கடைக் கதிர்காமநாதன் குடும்பத்தோடு வந்தபோது வாசலிலேயே நின்று வரவேற்றார். பையன் தங்கமான பையன். பலகாரத்தை மிச்சம் வைக்கவில்லை. இன்னொரு காப்பி கேட்டு வாங்கிக் குடித்தான். அந்த இரண்டாவது காப்பியை வைத்துக்கொண்டு ராமாமிர்தம் கல்யாணப் பந்தலே போட்டுவிட்டார். பிடிக்காத வீட்டில் எவனாவது இரண்டாவது காப்பி கேட்பானா என்று மனைவியிடம் கேட்டார். காப்பி பிடித்திருக்கும் என்றாள் ராமலட்சுமி.

‘வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்’ என்று போனவர்கள் சொல்லி அனுப்பவேயில்லை. ராமாமிர்தம் கடையில் மிளகாய் நிறுத்துக்கொண்டே ரோட்டைப் பார்ப்பார். பதுளைப் பக்கமிருந்து கார் வந்தால் தராசு கையில் ஆடும். மரகதம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவருக்குத் தாங்கவில்லை. அந்தப் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று என்பது, அவன் குடித்த டம்ளரை அவளே கழுவி அலமாரியில் தனியாக எடுத்து வைத்ததில் வீட்டுக்கே தெரிந்துவிட்டது.

பதில் வருகிறவரை பெண் வீட்டார் மாப்பிள்ளை ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அதுதான் முறை. தப்பித்தவறி யாராவது பார்த்துவிட்டால், ‘பதிலுக்கு அலையுறாங்கப்பா, பொண்ணுல என்னமோ கோளாறு இருக்கு’ என்று ஊர் கதை கட்டிவிடும். அதோடு அந்த வரன் போச்சு. அதற்கப்புறம் வருகிற வரனும் போச்சு.

இந்தப் பயணமே அந்தப் பதிலுக்காகத்தான். மரகதம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தாள். மண்டூர் முருகன் கோயில் வாசலில் சோறு பொங்கி ஏழைபாழைகளுக்குப் போடுகிறேன் என்று ராமலட்சுமி அப்போது நேர்ந்துகொண்டாள். போடவில்லை. இத்தனை வருசம் கழித்து முருகன் அதை இப்போது ஞாபகப்படுத்துகிறான், அதனால்தான் பதில் தடங்குகிறது என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மண்டூரில் பொங்கிப் போட்டு, அப்படியே திருகோணமலைக் கோணேசரையும் பார்த்துவிட்டுத் திரும்புவதென்று ஏற்பாடு. வீட்டையும் கடையையும் பூட்டிச் சாவியை ராமலட்சுமி இடுப்பில் செருகிக்கொண்டாள். வெல்லவாயப் பக்கம் இறங்கியிருந்தால் பதுளைக் காற்றே பட்டிருக்காது. ஆனால் மழைக்குக் கொஸ்லந்தையில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. போனால் பதுளை, இல்லாவிட்டால் வீடு என்று ஆகிவிட்டது.

சாதாரண வண்டியில் வந்திருந்தாலாவது தப்பித்திருக்கலாம். இந்தக் காரவன், ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை ஜீப்போடு சேர்த்து விற்றுவிட்டுப் போனது. சக்கரம் வைத்த வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பூப்போட்ட திரை எல்லாம் உள்ளேயே இருந்தன. ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது என்று ராமாமிர்தம் பெருமையடித்துக்கொள்வார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கதிர்காமநாதன் இதற்குள் ஏறி, கட்டிலை அமுக்கிப் பார்த்து, தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடி, குடும்பத்தையே கூப்பிட்டுக் காட்டியிருந்தார். கதிர்காமநாதன் வீட்டில் யார் பார்த்தாலும், முக்கால் மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும், இது ராமாமிர்தத்தின் வண்டி என்று தெரிந்துவிடும்.

ஆள் பிடித்துக் காரவனை ரோட்டோரமாகத் தள்ளினார்கள். கொக்கியைக் கழற்றிப் பார்த்தால் பாதி பிளந்திருந்தது. ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுப் போட பதுளையில் புவாத்தின் பட்டறையைவிட்டால் வேறு இடமில்லை. புவாத்தின் பட்டறையோ கதிர்காமநாதன் கடை இருக்கிற தெருவுக்குப் பின்தெரு.

ராமாமிர்தம் மச்சினனைத் தனியாகக் கூப்பிட்டார். ஆற்றங்கரைப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும், தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டும், எந்த ஊர் என்று கேட்டால் வெலிமடை என்று சொல்ல வேண்டும்.

“ஜவுளிக்கடை இருக்க தெசையில திரும்பக்கூடக் கூடாது, வைரவா. அவுங்க ஆளு கண்ணுல நீ பட்டா, அப்புறம் என் கண்ணுல படாத.”

“நான் என்ன சின்னப் புள்ளையாங்க, அத்தான்?” என்று கேட்டுவிட்டு வைரவநாதன் கொக்கியோடு போனான். மனுசன் நல்லவன். ஆனால் ஒரு வேலைக்குப் போனால் போன வேலை அவனைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இனி ராமாமிர்தம் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போய் உட்காரலாம்தான். ஆனால் வைரவன் வருகிறானா என்று பார்க்க வேண்டுமே. யோசித்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, காரவனின் மூடிய ஜன்னலுக்கு முன்னால் அசையாமல் நின்றார். முகத்தை யாரும் பார்க்க முடியாது. அப்பப்போ ஓரக்கண்ணால் அவர் பார்த்துக்கொள்ளலாம். நல்ல யோசனை என்று அவரே தன்னை மெச்சிக்கொண்டார்.

அது எழுபத்து நாலாம் வருசம் என்பதை மனுசன் மறந்துவிட்டார். கோதுமை மா இல்லை, சீனி இல்லை, பேக்கரியில் பாண் இல்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் சனம் கீரையையும் கிழங்கையும் அவித்துத் தின்றுகொண்டிருந்த காலம். மூடிய ஜன்னலுக்கு முன்னால் ஒரு ஆள் அசையாமல் நின்றால் அதற்கு அந்தக் காலத்தில் ஒரே அர்த்தம்தான்.

பின்னால் யாரோ கனைத்தார்கள்.

“நீங்கதான் கடைசியாங்க?”

ஒரு பொம்பளைக் குரல். ராமாமிர்தம் திரும்பாமலே, தான் மட்டும்தான் என்றார்.

“அப்ப நான் ரெண்டாவது” என்று அந்தப் பெண் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவளுக்குப் பின்னால் இன்னும் சில பேர் நின்றார்கள். மெதுவாகத் தலையைத் திருப்பினார். ஒல்லியாக, கையில் துணிப்பையோடு நின்றாள். பேர் அங்கம்மா என்று அவளாகவே சொன்னாள். நமுனுகுலப் பக்கத்து ஆள், இப்போது டவுனில் வேலையாம். மா கொண்டுவந்திருக்கிறார்களா, சீனியா என்று அவள் கேட்டாள்.

“இங்க ஒண்ணும் குடுக்கலம்மா. இது வீடு” என்று ராமாமிர்தம் யாருக்கும் கேட்காமல் அடிக்குரலில் சொன்னார்.

அங்கம்மாவும் அதே அடிக்குரலில், “வெளங்குதுங்க. நானும் யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்றாள்.

சொல்லவும் இல்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. காலையிலிருந்து கூப்பன் கடை வாசலில் நின்று கால் கடுத்த சனம் ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அரசாங்கம் புது மாதிரி வண்டியில் சாமான் கொண்டுவந்திருக்கிறது என்று ஒருவர் இன்னொருவருக்கு விளக்கினார். வெள்ளைக்காரன் நாட்டிலிருந்து மா மூட்டையை இப்படித்தான் அனுப்புவான் என்றார் இன்னொருவர். கியூ பஸ் ஸ்டாண்டு மூலை வரை போய், வளைந்து, கண்ணுக்கு மறைந்தது.

நாம் விலகினால் எல்லாம் கலைந்துவிடும் என்று ராமாமிர்தம் நினைத்தார். மெல்ல நழுவி ஜீப் பக்கம் போனார். பின்னால் நின்றவர்கள் மரியாதையான மனுசர்கள். போய்விட்டு வாங்க, உங்கள் இடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர் திரும்பிப் பார்த்தபோது அவர் நின்ற இடத்தில் ஒரு செங்கல் இருந்தது. அந்தச் செங்கலை யாரும் தாண்டவில்லை. ராமாமிர்தத்தைவிட அந்தச் செங்கலுக்குப் பதுளையில் மரியாதை அதிகமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்து, வெளியே என்ன சத்தம் என்று ராமலட்சுமி திரையை விலக்கி ஜன்னலைத் திறந்தாள்.

‘தெறந்தாச்சு’ என்று யாரோ சொன்னார்கள். கியூ முழுக்க ஒரு சாண் முன்னால் வந்தது. நீட்டிய பைகளையும் கூப்பன்களையும் பார்த்து வெலவெலத்துப்போன ராமலட்சுமி ஜன்னலை அடித்துச் சாத்தினாள். சாத்தியதுதான் தப்பு. தெரியாமல் திறந்திருக்கலாம். வேண்டுமென்று சாத்தினால், உள்ளே சாமான் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

ராமாமிர்தம் பதறிப்போய் மறுபக்கம் ஓடி, பின் கதவால் காரவனுக்குள் ஏறினார். அது அதைவிடப் பெரிய தப்பு. முதலில் நின்ற ஆளைப் பின் கதவால் உள்ளே எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி கியூவின் வால் வரைக்கும் போயிற்று. வேட்டி நல்ல வேட்டியாக இருந்ததே, அப்போதே நினைத்தேன் என்றார் ஒரு கிழவர். சனம் கோபப்பட ஆரம்பித்தது. பதுக்கல்காரன் என்ற சொல் ராமாமிர்தத்தின் காதில் விழுந்தது. போலீசுக்கு ஆள் போயிருக்கிறது என்பதும் விழுந்தது.

அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. ஏனென்றால் கட்டிலுக்கு அடியில் அரிசி இருந்தது.

மண்டூரில் பொங்குவதற்காக எடுத்துவந்த நேர்த்திக்கடன் அரிசி. ஊர் விட்டு ஊர் அரிசி கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டிருந்த சமயம். ரோட்டில் மறித்துச் சோதிப்பார்கள். பெண்பிள்ளைகள் படுத்திருக்கிற கட்டிலுக்கு அடியில் எந்தப் போலீஸ்காரனும் கைவைக்க மாட்டான் என்று ராமாமிர்தம்தான் மூட்டையைப் பழைய சேலையில் சுற்றி அங்கே தள்ளியிருந்தார். இப்போது பிடிபட்டால் தண்டம் கட்டிவிட்டுப் போகலாம். ஆனால் பெரகலை ராமாமிர்தம் பதுளை பஸ் ஸ்டாண்டில் அரிசி பதுக்கிப் பிடிபட்டான் என்ற பேச்சு ஜவுளிக்கடைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்? அப்புறம் யார் பதில் சொல்லி அனுப்புவார்கள்? அவர் மரகதத்தைப் பார்த்தார். அவள் பாதி சாய்ந்த கட்டிலில் காலை ஊன்றி உட்கார்ந்து, உருண்டுபோன டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

“இந்தாங்க, ஒப்பாரி வைக்கிற மாதிரி நிக்காதீங்க” என்றாள் ராமலட்சுமி. “அரிசியாக் கொண்டுபோனாத்தானே புடிப்பாங்க. சோறாக் கொண்டுபோனா?”

ராமாமிர்தம் அதை யோசித்து முடிப்பதற்குள் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேர்த்திக்காகக் கொண்டுவந்த பெரிய பானையை அடுப்பில் ஏற்றிவிட்டாள். துரை சமைத்த அடுப்பு அப்படியொரு பானையைக் கண்டதே கிடையாது. காரவன் முன்பக்கமாகச் சாய்ந்து கிடந்ததால் பானையும் சாய்ந்தது. ராமாமிர்தம் ஒரு பக்கம் துணியால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்று. மரகதம் அரிசியைக் கழுவிக் கழுவிக் கொட்டினாள். மூட்டை இருந்த தடயமே இருக்கக் கூடாது என்று ராமாமிர்தம் வெறும் சாக்கை மடித்து மெத்தைக்குள் திணித்தார்.

அரிசியை ஒளிக்கலாம். வேகிற சோற்றின் வாசத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

வாசம் ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே போயிற்று. கத்திக்கொண்டிருந்த சனம் ஒரேயடியாக அமைதியாயிற்று. அந்த அமைதி ராமாமிர்தத்துக்குக் கத்தலைவிடப் பயமாக இருந்தது. மாக் களியோ கிழங்கோ இல்லை, அரிசிச் சோறு என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். எத்தனை நாளாயிற்று என்றாள் இன்னொருத்தி. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

கதவு தட்டப்பட்டது. கான்ஸ்டபிள் வந்துவிட்டார்.

உள்ளே பெண்பிள்ளை உடை மாற்றுகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று ராமாமிர்தம் குரல் கொடுத்தார். கான்ஸ்டபிள் நியாயமான மனுசர்போல, பொறுத்தார். அதற்குள் கியூவை ஒழுங்குபடுத்தினார். ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம், செங்கல் அதே இடத்தில். சோறு இன்னும் வேகவில்லை. மறுபடியும் தட்டினார். பிள்ளை இன்னும் தலை சீவவில்லை என்றார் ராமாமிர்தம். மூன்றாம் தடவை தட்டியது தட்டுகிற மாதிரி இல்லை, கதவைப் பெயர்க்கிற மாதிரி இருந்தது. ராமலட்சுமி அகப்பையால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ராமாமிர்தம் கதவைத் திறந்தார்.

“அரிசி எங்க?” என்று கேட்டார் கான்ஸ்டபிள், சிங்கள வாடையடித்த தமிழில்.

“அரிசி இல்லீங்க, ராலஹாமி. சோறு.”

கான்ஸ்டபிள் மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஆவி முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அரிசியைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். சோற்றைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று யோசித்தார்போலும். அவரும் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இவ்வளவு சோறு யாருக்கு என்று கேட்டார்.

முருகனுக்கு நேர்ந்தது, ஏழைபாழைகளுக்குப் போட, என்று ராமாமிர்தம் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு அவர் சொன்ன முழு உண்மை. கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றினார். சிங்களவர்களும் கும்பிடுகிற கதிர்காமத்து முருகன் விசயத்தில் அவர் விளையாடுகிறவர் இல்லை. தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, அப்படியானால் போடு, இதோ சனம் நிற்கிறது என்று உத்தரவு போட்டார்.

மண்டூரில் போடுகிறேன் என்று ராமாமிர்தம் இழுத்தார். மண்டூர்ச் சாமியும் இதே சாமிதான் என்றார் கான்ஸ்டபிள்.

இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. யாரும் பார்க்கக் கூடாது என்று ஆற்றங்கரைப் பக்கமாக ஆள் அனுப்பிய மனுசன், பதுளையின் முக்கால்வாசிச் சனத்துக்கு முன்னால் பானையோடு நிற்க வேண்டும். இந்தக் கியூவில் ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளை நிற்கலாம். கதிர்காமநாதனின் பெண்சாதியே பூ வாங்க வந்தவள் எட்டிப் பார்க்கலாம். ராமாமிர்தம் துண்டை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, அகப்பையை எடுத்தார். முன்னால் நின்ற குழந்தை அவரைப் பார்த்துத் தாயின் சேலைக்குள் ஒளிந்தது.

மரகதம் காரவனை விட்டு இறங்கி வந்தாள்.

“மொகத்த மூடிக்கிட்டுச் சோறு போட்டா திருடன் போடுற மாதிரி இருக்குப்பா. குடுங்க அகப்பைய.”

“நீ உள்ள போம்மா. அவுங்க வீட்டாளு யாராவது பாத்துட்டா?”

“பாக்கட்டும். பசிச்சவங்களுக்குச் சோறு போட்டதுக்காக வேணாங்குற வீடு எனக்கு எதுக்கு?”

சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. அந்த வீடு அவளுக்கு வேண்டும் என்பது அந்த உடைசலில் தெரிந்தது. ராமாமிர்தம் அகப்பையைக் கொடுத்துவிட்டு, துண்டை அவிழ்த்து அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எதிர்த்த தேத்தண்ணிக்கடை வாஹித் பழைய பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கொடுத்தார். இருந்த தேங்காயில் சம்பலும் இடித்து அனுப்பினார். மா வாங்கக் கொண்டுவந்த பையில் சோற்றை வாங்கினார்கள். டின்னில் வாங்கினார்கள். ஒன்றுமே இல்லாதவர்கள் முந்தானையில் வாங்கினார்கள். தோட்டத்திலிருந்து விடியுமுன்னே நடந்து வந்த ஒரு பெரியவர் ரோட்டோரத்தில் குந்தி, ஒவ்வொரு பருக்கையாகத் தின்றார். அவர் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ராமாமிர்தத்துக்கு, தான் எதற்காக ஒளிந்துகொண்டிருந்தோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. வேண்டுகிற சாமியும் எங்கோ மண்டூரில் இல்லை, இங்கேயே நிற்கிறது என்று தோன்றி, மனசு இளகிக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் சட்டென்று ஞாபகம் வந்து மறுபடியும் ஜீப்புக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

கொக்கி இன்னும் வரவில்லை. வைரவன் போய் யுகமாயிற்று. பிடித்துவைத்துக்கொண்டார்களா, ஜவுளிக்கடையில் உட்காரவைத்து விசாரிக்கிறார்களா, வெலிமடை என்று சொன்னானா, உண்மையை உளறிவிட்டானா என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பானை அடி தட்டுகிற நேரம். மரகதம் அடுத்த ஆளுக்குப் போட அகப்பையை நீட்டியவள், அப்படியே நிறுத்தினாள்.

“மாமா?”

தலையில் துண்டும், ஒரு கையில் ஒட்டுப் போட்ட கொக்கியும், மறு கையில் பேப்பருமாக வைரவநாதன் நின்றான்.

எப்போது வந்தான் என்று ராமாமிர்தம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அப்போதே வந்துவிட்டானாம். புவாத் நல்ல மனுசன், கொக்கியைப் பார்த்ததும் செய்து கொடுத்துவிட்டாராம். திரும்பி வந்தால் பெரிய கியூ. எதற்கென்று தெரியவில்லை. ஆனால் கியூவைக் கண்டால் முதலில் நின்றுவிட்டு அப்புறம்தானே விசாரிக்க வேண்டும். நடுவில் விட்டு வந்தால் இடம் போய்விடுமே.

“அக்காவுக்கு மா ஆகும்னு நின்னேங்க அத்தான்” என்றான், பாவமாகப் பார்த்துக்கொண்டே.

இவனை என்ன செய்வது? ராமாமிர்தம் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டார். மரகதம் அவனுக்கும் ஒரு அகப்பை போட்டாள்.

சனம் கலைந்தது. கான்ஸ்டபிள் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தடவை நேர்ந்துகொண்டால் தகவல் சொல்லி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். செங்கலை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். ராமாமிர்தம் ஜீப்பைப் பின்னால் எடுத்து, வைரவன் கொக்கியை மாட்ட, காரவன் மூக்கை நிமிர்த்தியது. நாலு பக்கமும் பார்த்தார். கதிர்காமநாதன் இல்லை, அவர் பெண்சாதி இல்லை, பையன் இல்லை. இவ்வளவு கூத்துக்குப் பிறகும் அவர்களில் ஒருவர் கண்ணில்கூடப் படவில்லை. முருகா, நீ இருக்கிறாய் என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். காலையிலிருந்து இறுகிக் கிடந்த மனுசன் அப்போதுதான் ஒழுங்காக மூச்சுவிட்டார்.

காரவனுக்குப் பின்னால் அங்கம்மா, பெரிய பானையைக் கவிழ்த்துப்போட்டுச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோறு தின்றுவிட்டுப் பானையை அப்படியே போட்டுவிட்டுப் போக மனசு வரவில்லையாம். பானை புதுசுபோல மின்னியது. இவ்வளவு சுத்தமாகத் தேய்க்கிறாயே, எந்த வீட்டில் வேலை என்று ராமலட்சுமி கேட்டாள்.

“ஜவுளிக்கடைக் கதிர்காமநாதன் ஐயா வீட்லதாங்கம்மா.”

ராமாமிர்தத்தின் கையிலிருந்த ஜீப் சாவி ரோட்டில் விழுந்தது. கியூவில் இரண்டாவது ஆளாக, அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே, காலையிலிருந்து அந்த வீட்டு ஆள் நின்றிருக்கிறாள். அவர் நின்றதையும் ஒளிந்ததையும், போலீஸ் வந்ததையும், மகள் நடுரோட்டில் நின்றதையும் ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறாள். அவர் அவளுக்கு முன்னால் போய்க் குந்தினார்.

“அங்கம்மா, ஒனக்குப் புண்ணியமாப் போகும். இப்படி ஒரு வண்டி வந்துச்சு, இப்படி ஒரு ஆளு நின்னாருன்னு அந்த வீட்ல மட்டும் சொல்லிராதம்மா. என் மகளோட வாழ்க்கை.”

அங்கம்மா சாம்பல் கையோடு அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“யாருகிட்டங்க சொல்றது, வீடே பூட்டிக் கெடக்கு. பொண்ணு வீட்டுக்குச் சொல்லாமலே போய் நின்னு சந்தோசப்படுத்தணும்னு, தாம்பூலத் தட்டோட குடும்பமே விடியமுன்னாடி கெளம்பிப் பெரகலைக்குப் போயிருச்சுங்களே.”